போடலாம், போடப்படாது

1

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல, ஒரு காலண்டர் தாளின் முதுகிலிருந்து எடுத்தது. போன வருஷத்து ஏப்ரல் மாதத் தாள். திருப்பதி பைராகிபட்டடாவில் ஓர் அடுக்குமாடி வீடு. சமையலறையை ஒட்டித் துணி காயப்போடும் பால்கனி. அங்கே நிற்கும் பாத்திரம் கழுவும் மிஷினின் பக்கவாட்டில் அந்தத் தாளை செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது. தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பக்கம் தலைப்பு 'போடலாம்'. வலது பக்கம் 'போடப்படாது'. ஒரு பேனாவை நூலில் கட்டிப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறது.

முதல் வரைவில் இந்தத் தாளை ஒரு நண்பன் வீட்டில் பார்த்ததாக எழுதியிருந்தேன். அது பொய். அதில் இருப்பது என் அம்மாவின் கையெழுத்து. மிஷினை வாங்கிப் போட்டவன் நான்.

என் வேலையும் குடித்தனமும் சித்தூரில், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் திருப்பதிக்குப் போவேன். எரிந்துபோன மாங்கூழ் ஆலை, கவிழ்ந்த லாரி, மழைத் தண்ணீர் புகுந்த கிடங்கு, இவற்றையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சேத அறிக்கை எழுதிக் கொடுப்பேன். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. அறிக்கையில் 'ஐயோ' என்று எழுத முடியாது. என்ன இருந்தது, என்ன ஆயிற்று, எதனால் ஆயிற்று, கீழே கையெழுத்து. இந்தக் கதையையும் அப்படியே எழுதிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

2

தொடக்கங்கள்:

அ) "ஏழுமலையின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலைப்—"

(வேண்டாம். திருப்பதியில் கதை நடந்தால் மலையைக் காட்டியே தீர வேண்டுமா? அந்த பால்கனியிலிருந்து தெரிவது எதிர் வீட்டுத் தண்ணீர் டேங்க்.)

ஆ) "ருக்மணியின் விரல்கள் வெடித்திருந்தன."

(பரவாயில்லை, உண்மையும்கூட. ஆனால் முதல் வரியிலேயே பரிதாபம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ருக்மணி என் அம்மா. பரிதாபப்பட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.)

இ) "சந்திரம்மாவை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தவன் பார்த்தா."

(இதுதான் சரியான தொடக்கம். அதனால்தான் மூன்றாவதாக ஒளித்து வைத்திருக்கிறேன். பார்த்தா நான்தான். 'அவன்' என்று எழுதினால் கொஞ்சம் சௌகரியமாக இருக்கிறது.)

3

அறிக்கை முறைப்படி முதலில் இடமும் ஆட்களும்.

அப்பா தோதாத்ரி, கோவிந்தராஜப் பெருமாள் கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். எல்லா விஷயத்திலும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. கேட்டால் மட்டும் சொல்ல மாட்டார்.

அம்மா ஆசாரக்காரி. மடியாகத் தளிகை பண்ணி, பெருமாளுக்குக் காட்டி, அப்புறம்தான் எங்களுக்குச் சாப்பாடு. போன தீபாவளிக்குப் பிறகு அவள் விரல்களில் தோல் வெடிக்க ஆரம்பித்தது. டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, சோப்பு, பவுடர், புளி எதுவும் கையில் படக் கூடாது என்றார். அம்மா பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு உருண்டை புளியை எடுத்துப் பெருமாள் வட்டில்களைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

சந்திரம்மா அந்த வீட்டில் பதினோரு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறாள்.

(நீரஜா, அதாவது என் மனைவி, கையெழுத்துப் பிரதியில் இந்த இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாள். அப்பா 'சேவிக்கிறவர்', சந்திரம்மா 'தேய்க்கிறாள்'. சந்திரம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்தொன்று. சரி. தேய்க்கிறார்.)

அவர் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் விஜயபுரம் பக்கம். இப்போது திருப்பதியிலேயே கொர்லகுண்டாவில் வீடு. மகன் ஹேமநாத்துக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். 'போதும், வீட்ல இரு' என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஆகவே வேலை போனால் சந்திரம்மா பட்டினி கிடப்பார் என்றெல்லாம் உங்களைப் பயமுறுத்த எனக்கு வழியில்லை. போவது வேறு ஒன்று. அதைச் சொல்ல வீட்டு வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சமையலறைக்குள் நுழையாமலே பால்கனிக்குப் போக அந்த ஃபிளாட்டில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்துக்காகவே அப்பா அதை வாங்கினார். சந்திரம்மா சந்து வழியாகப் போய், தேய்த்த பாத்திரங்களை பால்கனி மேடையில் கவிழ்ப்பார். அம்மா அவற்றின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே எடுத்துக்கொள்வாள். ஒன்பதரைக்குக் காபி. அம்மா சமையலறைப் படிக்கு உள்ளே முக்காலியில், சந்திரம்மா படிக்கு வெளியே தரையில். ஒரு தீபாவளிக்கு அம்மா ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் அரை டஜன் வாங்கினாள். ஐந்து சமையலறைக்குப் போயின. ஆறாவது பால்கனி ஜன்னல் கட்டைக்குப் போய், சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்ந்தது. அதுதான் சந்திரம்மாவின் டம்ளர். அம்மா தன் டபராவை உயரத் தூக்கி, டம்ளரில் படாமல், ஒரு சொட்டு சிந்தாமல் காபியை ஊற்றுவாள். அரை மணி நேரம் பேசுவார்கள். முட்டி வலி, சீரியல், ஹேமநாத்துக்குப் பெண் பார்ப்பது. அம்மா தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். சந்திரம்மா தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

அம்மா வேறு யாரோடும் சேர்ந்தாற்போல் அரை மணி பேசி நான் பார்த்ததில்லை. அப்பாவோடுகூட இல்லை.

4

மிஷின் ஜனவரியில் வந்தது. தண்ணீர்க் குழாய் இருப்பது பால்கனியில், ஆகவே மிஷினும் அங்கேயே, படியை ஒட்டி நின்றது. பொருத்த வந்தவர் ஒரு கிலோ உப்பு வேண்டும் என்றார்.

"பாத்திரம் தேய்க்கற மிஷினுக்கு உப்பா?" என்றாள் அம்மா. "புளி, மொளகாயும் கேக்குமோ?"

அன்று மத்தியானம் அம்மாவிடம் நான் சொன்னதை வார்த்தை மாறாமல் தருகிறேன், பின்னால் தேவைப்படும்: "இனிமே சந்திரம்மா எதுக்கும்மா? இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு சொல்லிடு."

"சொல்றேன்" என்றாள்.

சொல்லவில்லை. காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

முதல் வாரம் வலது பக்கம் நாலே வரி இருந்தது. இரும்பு தோசைக்கல், ஈயச் சொம்பு, கல்சட்டி, மரக் கரண்டி. நியாயமான பட்டியல்தான். மிஷினோடு வந்த புத்தகத்திலும் ஏறக்குறைய அதுதான் இருந்தது. அடுத்த ஞாயிறு நான் சித்தூரிலிருந்து வந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. அலுமினிய இட்லித் தட்டு, கறுத்துப்போகும், சரி. மத்து, மரம், சரி. முறுக்கு அச்சு. எங்கள் வீட்டில் முறுக்கு அச்சை எடுப்பது வருஷத்துக்கு ஒரு நாள், ஆவணியில், ஸ்ரீஜயந்திக்கு. இதுவோ ஜனவரி.

"இது எதுக்கும்மா?"

"அதுல போடப்படாதுடா. ஓட்டையில மாவு அடைச்சுண்டுடும்."

"மாவே இல்லையே. யார் தேய்க்கப் போறா இப்ப?"

"ஏன், சந்திரம்மாதான் இருக்காளே."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சந்திரம்மாவை நிறுத்த அம்மாவுக்கு மனசில்லை. அதை என்னிடம் சொல்லவும் மனசில்லை. மிஷினில் போகாத சாமான் வீட்டில் இருக்கிறவரை சந்திரம்மாவுக்கு அங்கே வேலை இருக்கும். 'சரிம்மா, அவரும் வரட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் வாங்கிப் போட்ட மிஷின் தோற்பது எனக்குப் பிடிக்கவில்லை. போட்டியில் இறங்கினேன்.

அம்மா வலது பக்கம் ஒன்று எழுதினால் நான் இடது பக்கம் இரண்டு எழுதினேன். நீரஜா போனில் வீடியோக்கள் காட்டினாள். உலகத்தில் யார் யாரோ எதை எதையோ மிஷினில் போடுகிறார்கள்: உருளைக்கிழங்கு, குழந்தைகளின் பொம்மை, சீப்பு, டேபிள் ஃபேன் கூண்டு. எங்கள் எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையைப் போட்டேன், பளபளவென்று வந்தது. குளியலறை மக்கு, சுவிட்ச் போர்டு மூடி, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு. அப்பா அன்றிலிருந்து தன் பல்செட் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்.

ஒரு நாள் என் ஹவாய் செருப்பைப் போட்டேன். வீடியோவில் போட்டார்கள், போடலாம் என்று சொன்னார்கள், போட்டேன். தனியாகத்தான், தட்டுகளோடு அல்ல. அம்மா கோயிலிலிருந்து வந்தாள்.

"செருப்பையாடா? நாம சாப்பிடற தட்டு போற எடத்துல செருப்பையா?"

"அறுபத்தஞ்சு டிகிரி வெந்நீர்ம்மா. ஒரு கிருமி தங்காது."

"கிருமியைப் பத்தி இங்க யார் கேட்டா?"

மிஷினை வெறுமனே மூன்று முறை ஓடவிட்டாள். வலது பக்கம் 'பார்த்தா செருப்பு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். செருப்பு சுத்தமாகத்தான் இருந்தது. நான் அதை மாட்டிக்கொண்டு அன்று முழுக்க அம்மாவின் முன்னால் ஜம்பமாக நடந்தேன்.

இந்தச் செருப்பை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

(* ஓர் இடைக்குறிப்பு. சந்திரம்மா தேய்த்த பாத்திரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மிஷின் தேய்த்ததற்கு வேண்டாம், அப்படியே உள்ளே போகலாம் என்று அம்மா தீர்மானித்திருந்தாள். அப்படியானால் சந்திரம்மா பட்டனை அழுத்தி மிஷின் தேய்த்தால்? அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டு விதமாவும் சொல்லலாம்" என்றார். அந்த இரண்டு விதத்தையும் கேட்பதற்குள் கோஷ்டிக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.)

5

பிப்ரவரியில் பரண் இறங்கியது.

அன்றாடப் பாத்திரங்கள் தீர்ந்துபோய்விட்டன. வலது பக்கத்தில் புதிதாக எழுத ஒன்றுமில்லை. அம்மா அப்பாவை ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லி, சாயங்காலத்துக்கு இரண்டாகப் பரணிலிருந்து இறக்கினாள். பித்தளை அண்டா, சேவை நாழி, பால் கூஜா, என் பூணூல் கல்யாணத்துக்குப் பிறகு வெளிச்சம் பார்க்காத பன்னீர்ச் சொம்பு. மறுநாள் காலை அவை பால்கனியில் தேய்க்கத் தயாராக இருக்கும். ஒன்பதரைக்குக் காபி, அரை மணி பேச்சு, வழக்கம்போல.

இந்த இடத்தில் ருக்மணி என்கிற ஆளின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. ஒருத்தியை விட மனசில்லாமல், வெடித்த கையோடு பரணையே காலி பண்ணுகிறவள், அதே ஒருத்தியின் டம்ளரில் தன் டபரா பட்டுவிடாமல் பதினோரு வருஷம் காபி ஊற்றுவாளா? கதையில் இப்படி ஒரு ஆளை வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்று அவளை நல்லவளாக்க வேண்டும், இல்லையென்றால்—

(முடிக்கவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் இதில் என்ன இடறுகிறது என்று திருப்பிக் கேட்பார்கள். நானே இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்.)

6

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு. மணி பத்தரை இருக்கும். நீரஜா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பால்கனியில் மிஷினைத் திறந்து வைத்து, டிபன் தட்டுகளையும் டம்ளர்களையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். சந்திரம்மா குழாயடியில் கூஜாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாபு, இத்த கொஞ்சம் படிச்சி சொல்லேன்" என்றார், தாளைக் காட்டி. "எனக்கு வாயிலதான் தமிழு. படிச்சது தெலுகு, அதுவும் அஞ்சாங்கிளாசு."

படித்தேன். இடது பக்கத்தை வேகமாகப் படித்து முடித்தேன். வலது பக்கம் முப்பத்துநாலு. முறுக்கு அச்சு தாண்டி, சேவை நாழி தாண்டி, 'பார்த்தா செருப்பு' வந்தபோது அவர் சிரித்தார். பன்னீர்ச் சொம்பு வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. தேய்ப்பதும் நின்றிருந்தது.

"அந்தப் பக்கம் கீறது மிஷினுக்கு. இந்தப் பக்கம் கீறது எனக்கு. அதானே?"

"அப்படின்னு இல்ல சந்திரம்மா..."

"இன்னா அப்டி இல்ல? இந்தக் கூஜாவ போன செவ்வாக்கெழம தேச்சேன். இன்னிக்கு மறுபடி வந்துகீது. ஒரு சொட்டு பாலு இதுல ஊத்தல. மூணு வாரமா பாத்துக்கினுதான் கீறேன். தேச்சதையே தேச்சிக்கினு கீறேன். எனக்குத் தெரியாதா பாபு?"

"அம்மா உங்க நல்லதுக்குத்தான்..."

"அம்மா நல்லவங்கதான். நான் லேதுன்னு சொல்லலியே. வோணாம்னா வோணாம்னு சொல்லிட்டா நான் பூடறேன். என் மவனும் வூட்ல குந்துன்னுதான் சொல்றான். சுத்தமா கீறத கையில குடுத்து கழுவச் சொன்னா, அது இன்னா வேல? கொயந்தைக்கு வெளையாடக் குடுக்கறா மாதிரி?"

அம்மா பெருமாள் அறையிலிருந்து வந்து படிக்கு உள்ளே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

சந்திரம்மா கையை அலம்பினார். ஜன்னல் கட்டையிலிருந்து தன் டம்ளரை எடுத்தார். மிஷினின் மேல் தட்டில் எங்கள் டம்ளர்கள் நாலும் கவிழ்ந்திருந்தன, அப்பாவுடையது, அம்மாவுடையது, நீரஜாவுடையது, என்னுடையது. ஐந்தாவதாகத் தன்னுடையதைக் கவிழ்த்தார்.

"இது எந்தப் பக்கம் பாபு?" என்றார்.

பதிலுக்கு நிற்கவில்லை. குழாயடிக்குத் திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூஜாவை எடுத்துக்கொண்டார்.

7

முதல் வரைவில் இதற்கு மேல் இப்படி இருந்தது:

"பார்த்தாவின் கையில் சோப்பு மாத்திரை இருந்தது. அதை மிஷினில் போட்டுக் கதவை மூட வேண்டியதுதான் பாக்கி. ருக்மணி படியைத் தாண்டி வந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, ஐந்தாவது டம்ளரை மட்டும் எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். பார்த்தா தலைகுனிந்து நின்றான். தாயின் அந்தச் செய்கை அவனை—"

நன்றாகத்தான் வந்திருந்தது. 'தாயின் அந்தச் செய்கை' என்பது கொஞ்சம் அதிகம், அதை மட்டும் மாற்றலாம் என்றிருந்தேன். நீரஜாவிடம் படிக்கக் கொடுத்தேன்.

8

நீரஜா இந்த முறை வட்டம் போடவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யார் எடுத்தா?"

"கதைதானே நீரஜா."

"அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். இது அச்சுல வந்தா படிப்பா. யார் எடுத்தா, சொல்லுங்கோ."

தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"நான் ரெண்டடி தள்ளி நின்னு பீன்ஸ் நறுக்கிண்டிருந்தேன்."

சரி. திருத்திய அறிக்கை.

அம்மா படிக்கு உள்ளேதான் நின்றாள். படியைத் தாண்டவில்லை. அவள் இரண்டு கைகளும் களிம்பு பூசி வெள்ளைப் பருத்தி உறைக்குள் இருந்தன. அவள் எதையும் எடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உண்மையிலேயே ஆவல் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பதினோரு வருஷம் அவள் கட்டிக் காத்ததை நான் ஒரு கதவைச் சாத்தி முடித்திருக்கலாம். அவள் தடுத்திருப்பாளா என்பது எனக்கு இனி தெரியப்போவதில்லை.

டம்ளரை எடுத்தது நான்.

யோசித்து எடுத்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும். கை தானாகப் போயிற்று. மற்ற நாலு டம்ளர்களில் இடிக்காமல், விளிம்பைத் தொடாமல், அடிப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து எடுத்தது. அப்படி எடுக்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எடுத்த பிறகுதான் வாய் காரணம் தேடியது.

"இது லேசா இருக்கு சந்திரம்மா. தண்ணி வேகத்துல கவுந்துடும்."

சந்திரம்மா திரும்பினார். என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மேல் தட்டில் இருந்த நாலையும் பார்த்தார். எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய அரை டஜன்.

"ஆமா பாபு" என்றார். "லேசுதான்."

எழுந்து வந்து கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

நான் மாத்திரையைப் போட்டுக் கதவை மூடினேன். மிஷின் ஓட ஆரம்பித்தது. நீரஜா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

செருப்பை அதே மிஷினில் போட்டது இதே கைதான். அன்று இதற்கு ஒரு நொடி தயக்கம்கூட வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. பதினாறு வருஷமாக ஊரார் சேதத்துக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டவன், என்னுடையது என்று வந்தபோது அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டேன்.

9

அன்று வீட்டுக்குப் போன சந்திரம்மாவை எழுதிப் பார்த்தேன்.

"கொர்லகுண்டாவில் அந்தச் சின்ன வீட்டின்—"

(சின்ன வீடா? நான் பார்த்ததில்லை. ஹேமநாத் லோன் போட்டு மாடி கட்டியிருப்பதாக அம்மா ஒரு தடவை சொன்ன ஞாபகம்.)

"சந்திரம்மா கதவைத் திறந்தபோது ஹேமநாத் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் அவனிடம்—"

(சொல்லியிருப்பாரா? சொல்லியிருந்தால் என்னவென்று? 'அந்த பாபு டம்ளர எடுத்துட்டான்' என்றா? இல்லை, ஒன்றும் சொல்லாமல் சோறு வைத்துத் துன்னச் சொன்னாரா?)

எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. கணவர் இருக்கிறாரா என்று தெரியாது. தன் வீட்டில் எதில் காபி குடிப்பார் என்று தெரியாது. பதினோரு வருஷத்தில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அம்மாவிடம் கேட்டு எழுதலாம்தான். கேட்க எனக்கு முகம் இல்லை. ஆகவே இந்தப் பகுதி இவ்வளவுதான்.

10

முடிவுகள்:

அ) சந்திரம்மா மறுநாளிலிருந்து வரவில்லை.

(வந்தார். வழக்கமான நேரத்துக்கு, சந்து வழியாக.)

ஆ) அடுத்த ஞாயிறு பார்த்தா தானே அந்த டம்ளரை எடுத்து மிஷினில் வைத்தான். சந்திரம்மாவின் கண்கள் கலங்கின.

(இதை எழுதி ஒரு வாரம் வைத்து ரசித்தேன். அவர் அழுதால் எனக்கு எவ்வளவு நிம்மதி! அதனாலேயே அடித்துவிட்டேன். அவர் கண்ணீரை எடுத்து என் கையைக் கழுவிக்கொள்ள முடியாது.)

இ) நடந்தது.

பரண் சாமான்கள் மறுபடி பரணுக்கே போய்விட்டன. அம்மா என்னிடம் ஒரே தடவை, போனில் சொன்னாள்: "சந்திரம்மா இருக்கா. மிஷின்தான் வேணும்னா, நீ சித்தூருக்கு எடுத்துண்டு போ." நான் எடுத்துக்கொண்டு வரவில்லை. தட்டும் டம்ளரும் மிஷினில், மற்றது சந்திரம்மாவிடம் என்று ஒரு மாதிரி நடக்கிறது. அம்மாவின் விரல்கள் தேவலை.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த நாள் ஒன்பதரைக்கு அம்மா காபி கலந்தாள். சந்திரம்மா, "வோணாம்மா, வயித்துக்கு ஒத்துக்கல" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் அம்மா டிகாக்‌ஷனைக் குறைத்துப் பாலை அதிகமாக்கிப் பார்த்தாள். நாலாம் நாள் சுக்குக் காபி. எதற்கும் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. காபி இல்லாமல் படியோரம் உட்கார்ந்து பேச இருவருக்கும் வரவில்லை. வேலை முடிந்ததும் சந்திரம்மா, "வரேம்மா" என்று கிளம்பிவிடுகிறார். ஹேமநாத்துக்குப் பெண் அமைந்துவிட்டதா என்று அம்மாவுக்கு இப்போது தெரியவில்லை. எனக்கு இதெல்லாம் அப்பா சொன்னார், நான் கேட்காமலே.

அம்மா இன்றைக்கும் இரண்டு பேருக்குக் கலக்கிறாள். டம்ளர் ஜன்னல் கட்டையில் கவிழ்ந்தபடியே இருக்கிறது.

போன ஞாயிறு நான் போனபோது தாளின் அடியில் ஒரு புது வரி இருந்தது. உறை போட்ட கையால் எழுதியதால் எழுத்து கோணலாக இருந்தது. இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை, நடுக்கோட்டின் மேலேயே எழுதியிருந்தாள்: 'சந்திரம்மா டம்ளர்'.

"என்னம்மா இது? எந்தப் பக்கம்?"

"எடுத்தது நீதானேடா? நீயே எழுது."

பேனாவைக் கையில் எடுத்தேன். சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அப்பாவின் பிள்ளை என்பது இதிலாவது நிச்சயமாகிவிட்டது.

ஆகவே பேனாவை உங்களிடம் தருகிறேன். மறுபடியும் நழுவுகிறான் என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். நூல் நீளமானது, கைக்கு எட்டும். ஓர் அம்புக்குறி போட்டால் போதும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. சுலபமான வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். செருப்பை மிஷினில் போட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒன்று மட்டும். சந்திரம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நாளைக் காலை ஒன்பதரைக்கு, நீங்கள் எழுதியதை நீங்களே அவர் முகத்தைப் பார்த்துப் படித்துச் சொல்ல வேண்டும்.